பழனியின் துப்பாக்கியில் போகாத தோட்டா

பழனி போல்ட்டின் கைப்பிடியை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். அது முக்கால்வாசி இறங்கி நின்றுவிட்டது. அதற்கு மேல் இறங்கவும் இல்லை, தூக்கினால் வரவும் இல்லை.

நவம்பர் மாதக் காலை. டெக்சஸில் காப்பெல் என்ற ஊரிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து மேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் வரும் ஒரு பண்ணை. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நான் வண்டியின் பின்கதவைத் திறந்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திருகிக்கொண்டிருந்தேன். டீயின் ஆவி மூக்குக் கண்ணாடியை மூடிவிட்டதால் முதலில் எனக்குக் கேட்டது சத்தம்தான். அப்புறம்தான் பழனியின் முகம் தெரிந்தது.

துப்பாக்கியோடு பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் போன்றது. பின்னால் இழுத்து, தோட்டாவை முன்னே தள்ளி, கைப்பிடியைக் கீழே மடக்கினால் தோட்டா உள்ளே பூட்டிக்கொள்ளும். ஒரே விரலால் செய்கிற வேலை. உள்ளங்கை தேவைப்பட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள்.

இப்போது வெடிமருந்து நிரப்பிய தோட்டா ஒன்று பாதி பூட்டிய துப்பாக்கிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

என் கணவர் நிஜாம் பக்கத்தில் நின்றார். "தட்டாத பழனி. அப்படியே கீழ வை" என்றார். பழனி மறுபடியும் தட்டினார். அதற்குள் பண்ணையின் சொந்தக்காரர் மிஸஸ் ஹாலிஸ் தன் பழைய பிக்கப்பில் வந்து இறங்கிவிட்டார். அறுபதைக் கடந்தவர், கணவர் இறந்த பிறகு தனியாகப் பண்ணையைப் பார்த்துக்கொள்பவர். அவர் குரலை உயர்த்தவே இல்லை. துப்பாக்கியைத் தீவன மூட்டைகளின் மேல் வைக்கச் சொன்னார். குழல் வாய் மண்மேட்டைப் பார்க்கவேண்டும் என்றார். எல்லோரையும் பின்னால் வரச் சொன்னார். பிறகு, இந்தத் தோட்டாவை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார்.

பழனிக்கு அவமானமாக இருந்திருக்கும். நிஜாமைக் கையால் காட்டி, ஆங்கிலத்தில் சொன்னார்: "அவர்தான் செய்கிறார். வீட்டில். உள்ளே என்ன போடுகிறார் என்று எனக்குத் தெரியாது."

தமிழில் எங்களுக்குள் சொல்லியிருந்தால் அது வெறும் எரிச்சல். இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகான அந்த ஆண்டுகளில், அந்த ஊரில், நிஜாமுதீன் என்ற பெயர் கொண்ட ஒருவரைக் காட்டி ஆங்கிலத்தில் சொன்னபோது அது வேறு ஏதோ ஆகிவிட்டது. மிஸஸ் ஹாலிஸ் நிஜாமைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் எவ்வளவு மருந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். நிஜாம் பதில் சொன்னார். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

கறியில் தொடங்கியது

நாங்கள் வேட்டைக்குப் போகும் குடும்பம் இல்லை. நான் மேலப்பாளையம். நிஜாம் கடையநல்லூர். ஊரில் இருந்தவரை அவர் கவண் கூடத் தொட்டதில்லை.

டெக்சஸுக்கு வந்த புதிதில் ஹலால் கறி வாங்க ரிச்சர்ட்சன் வரை போகவேண்டும். கிடைக்கும் ஆட்டுக்கறியில் எப்போதும் ஃப்ரீஸர் வாசம். நிஜாமின் அலுவலகத்தில் ஒருவர் மான் கறி கொண்டுவந்து, தானே சுட்டது என்றார். பிஸ்மில்லா சொல்லி நாமே சுட்டால் நமக்கு ஆகுமே என்ற எண்ணம் அன்றைக்குத்தான் நிஜாமுக்கு வந்தது. கிரீன் கார்டு வரும்வரை பொறுத்திருந்தார். பிறகு வேட்டை வகுப்பில் சேர்ந்தார். துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டார். இருவரும் பரீட்சை எழுதினோம். அவரைவிட எனக்கு மார்க் அதிகம்.

பழனி எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி கவிதாவும் நானும் மாறி மாறிப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவோம். பழனி நிஜாமைவிட வயதில் இளையவர் என்பதால் அவரை 'பாய்' என்று கூப்பிடுவார். நான் அக்கா.

துப்பாக்கி வாங்க இருவரும் சேர்ந்தே போனார்கள். பழனிக்குப் புதியது. நிஜாமுக்கு அதே தோட்டா அளவில், யாரோ பல வருடம் வைத்திருந்த பழையது. கடைக்காரர் விவரங்களைத் தொலைபேசியில் சொல்லி அரசாங்கத்திடம் அனுமதி கேட்பார். பழனிக்கு, அவர் காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. நிஜாமுக்கு 'தாமதம்' என்று வந்தது. காரணம் சொல்லமாட்டார்கள். சில நாட்கள் காத்திருக்கவேண்டும்.

பழனி தன்னுடையதை அன்று எடுத்து வரவில்லை. கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். "பாய்க்கு வர்றப்ப ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கலாமுங்க" என்றார். அதை அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. கவிதா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அதனால்தான் பண்ணையில் அவர் சொன்னது எனக்கு விளங்கவே இல்லை.

கூடு, மருந்து, குண்டு

தோட்டாவைச் சுட்டபின் பித்தளைக் கூடு மிஞ்சும். அதை எறியாமல் மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதுக் கேப் பொருத்தி, மருந்து போட்டு, வாயில் குண்டு வைத்துப் பயன்படுத்தலாம். டெக்சஸில் பல வீட்டு காரேஜ்களில் நடக்கிற சாதாரண வேலை. சிலர் மரவேலை செய்வதுபோல, சிலர் மீன் தூண்டிலுக்குப் பொய்ப்பூச்சி கட்டுவதுபோல.

நிஜாம் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது விற்ற, கூடுகளை அமுக்கும் கைப்பிரஸ் ஒன்றை வாங்கி வந்தார். மேசையில் போல்ட் போட்டு இறுக்கினார். மாலை வேலை முடிந்து வந்ததும் காரேஜிலிருந்து கைப்பிடி இறங்கும் சத்தம் கேட்கும். பித்தளையும் எண்ணெயும் கலந்த வாசம் அவர் சட்டையில் இருக்கும். பழனி தன் காலிக் கூடுகளைப் பையில் கொண்டுவந்து கொட்டுவார். இருவருடைய கூடுகளும் ஒரே வாளியில் கிடக்கும். நிரப்புவது நிஜாம். ஆளுக்குப் பாதி.

நிஜாம் தன் பங்கைப் பயிற்சி மைதானத்தில் சுட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட இறுகியதில்லை.

பண்ணையில் அன்று ஊர்த் துப்பாக்கி மெக்கானிக் வந்தார். எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் பொறுமையாக வேலை பார்த்து, தோட்டாவை வெளியே எடுத்தார். இந்தத் துப்பாக்கிக்கு இது பெரிது என்று மட்டும் சொன்னார். மிஸஸ் ஹாலிஸ் நிஜாமிடம், கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

போனது ஒரே வண்டி. திரும்பியதும் அதில்தான். பழனி பின் சீட்டில் இருந்தார். இரண்டு மணி நேரத்தில் நிஜாம், "என் துப்பாக்கில போகுதே" என்று ஒரு தடவை சொன்னார். ஊர் நெருங்கியபோது பழனி, "எக்ஸிட் வந்துருச்சுங்க பாய்" என்றார். அவ்வளவுதான்.

டை கட்டியவர்

அடுத்த வாரம் ஒரு மாலையில் டை கட்டிய ஒருவர் வாசல் மணியை அடித்தார். அரசாங்க அடையாள அட்டையைக் காட்டினார். காரேஜைப் பார்க்கலாமா என்று கேட்டார். பார்க்கலாம் என்று நிஜாம் கதவைத் திறந்துவிட்டார்.

வந்தவர் மருந்து டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிரஸ்ஸின் கைப்பிடியை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்தார். வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்டார். சட்டத்துக்கு விரோதமாக எதுவும் இல்லை என்று அவரே சொன்னார். நன்றி சொல்லிவிட்டுப் போனார். நான் கொடுத்த தண்ணீரை முழுவதும் குடித்தார்.

என் மகள் சமீனா மாடிப்படியில் நின்றிருந்தாள். அப்போது இரண்டாம் வகுப்பு. "ஆர் வீ இன் ட்ரபிள், உம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடா. தோட்டா கொஞ்சம் டைட்டா இருக்கு, அதான்" என்றேன்.

அவரை யார் அனுப்பியது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மிஸஸ் ஹாலிஸாக இருக்கலாம், அந்த மெக்கானிக்காக இருக்கலாம், யாரும் அனுப்பாமலே கூட வந்திருக்கலாம். அதை நான் தேடிப் போகவில்லை.

மறுநாள் நிஜாம் பிரஸ்ஸை மேசையிலிருந்து கழற்றினார். எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் அடுக்கினார். கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஏன் தோட்டா போகவில்லை என்று பார்க்கவேண்டாமா என்று கேட்டேன்.

"வேண்டாம் மெஹரு. விட்டுரு."

பஸ் டிக்கெட்

இங்கே என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மென்பொருள் சோதிப்பவள். கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஒரு பஸ் முன்பதிவு மென்பொருளைச் சோதித்தேன். சில பயணிகளுக்கு மட்டும் டிக்கெட் அச்சாகாது. எழுதியவர்களைக் கேட்டால், "என் மெஷின்ல ஓடுதே" என்பார்கள். பொய் இல்லை. அவர்கள் மெஷினில் ஓடத்தான் செய்தது. கடைசியில் பார்த்தால், இனிஷியலுக்குப் பின்னால் இரண்டு புள்ளி வைத்தவர்களுக்கு மட்டும் அச்சாகவில்லை. சோதித்தவர்கள் யாரும் இரண்டு புள்ளி வைத்ததில்லை.

அந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். நான்கை மாற்றினால் சரியாகிவிடலாம், ஆனால் எது சரியாக்கியது என்று தெரியாது. தெரியாவிட்டால் அது சரியானதாகக் கணக்கில்லை.

நிஜாம் காரில் சொன்ன வாக்கியம் என் காதில் அப்படியே இருந்தது. அவர் துப்பாக்கியில் போகிறது. பழனி துப்பாக்கியில் போகவில்லை.

நான் கவிதாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பழனியைத் துப்பாக்கியோடு வரச் சொன்னேன். வருவாரா என்று அவளுக்கே சந்தேகம். சனிக்கிழமை மதியம் வந்தார். நிஜாம் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போய் டிவியைப் போட்டார்.

கறுப்பு மார்க்கர்

முதலில் ஒரு விதி வைத்தேன். மருந்து உள்ள தோட்டா எதையும் தொடுவதில்லை. எல்லாம் வெறும் கூடுகள். நிரப்பியவற்றை இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியைச் சமையலறையில் வைத்தேன்.

பழனி கடையில் வாங்கிச் சுட்ட தோட்டாக்களின் கூடுகள் சில அவர் பையில் இருந்தன. அவற்றை அவர் துப்பாக்கியில் விட்டோம். ஒரு விரலில் போல்ட் மூடியது. ஆக, துப்பாக்கியில் அழுக்கோ கோளாறோ இல்லை. பழனியின் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

அடுத்து, நிஜாம் ஏற்கெனவே அளவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த கூடுகள். குண்டு வைக்காதவை. சில வழுக்கிக்கொண்டு போயின. சில அதே முக்கால்வாசியில் இறுகின. பழனி கையை ஓங்கினார். "தட்டக் கூடாது" என்றேன். கையை இறக்கிக்கொண்டார்.

குண்டே இல்லாமல் இறுகுகிறது என்றால் குண்டு நீட்டிக்கொண்டிருப்பது காரணம் இல்லை. காலிப்பர் என்ற அளவுகருவியால் கூடுகளின் நீளத்தை அளந்தேன். எதுவும் கையேட்டில் இருந்த எல்லையைத் தாண்டவில்லை. நீளமும் இல்லை.

இறுகிய கூடு ஒன்றைச் சமீனாவின் கறுப்பு மார்க்கரால் முழுவதும் பூசினேன். மெதுவாக உள்ளே விட்டு எடுத்தோம். சோடா பாட்டிலைப்போல இந்தக் கூட்டுக்கும் உடம்பு, தோள், கழுத்து உண்டு. தோளில் மட்டும் கறுப்பு தேய்ந்து பித்தளை மோதிரம்போல மின்னியது. அங்கேதான் இடிக்கிறது.

சரி, சில மட்டும் ஏன்? வாளியில் கிடந்த, இன்னும் பிரஸ்ஸில் போடாத கூடுகளை மேசையில் கொட்டினேன். ஒவ்வொன்றின் அடியிலும் சுட்ட கேப் இருந்தது, அதில் துப்பாக்கி ஊசி குத்திய பள்ளம். சிலவற்றில் பள்ளம் நட்டநடுவில். சிலவற்றில் ஓரமாக.

"ஓரமா குத்தறது பாயோடதுங்க" என்றார் பழனி. பழைய துப்பாக்கி அல்லவா.

இரண்டு குவியலாகப் பிரித்தோம். பிரஸ்ஸைத் திரும்ப மேசையில் இறுக்கி, அதன் டைகளின், அதாவது கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுகளின், உயரத்தில் கை வைக்காமல், ஒவ்வொரு குவியலாகப் போட்டுப் பார்த்தோம். நடுவில் குத்தியவை எல்லாம் பழனியின் துப்பாக்கியில் போயின. ஓரத்தில் குத்தியவை எல்லாம் இறுகின.

வெடிக்கும்போது கூடு, தான் இருக்கிற துப்பாக்கியின் உள்ளளவுக்கு உப்பிக்கொள்ளும். நிஜாமின் பழைய துப்பாக்கி உள்ளே சற்று விசாலம். பழனியின் புதியது கச்சிதம். நிஜாமின் கூட்டைப் பழனி துப்பாக்கிக்கு ஏற்றபடி பிரஸ்தான் அமுக்கிக் கொண்டுவந்திருக்கவேண்டும். ஏன் கொண்டுவரவில்லை?

பிரஸ்ஸுக்குள் கூட்டை வைத்துக் கைப்பிடியை முழுக்க இறக்கி, பின்னால் டார்ச் அடித்தேன். கூட்டை அமுக்கும் டைக்கும், கூட்டைத் தாங்கும் பிடிக்கும் நடுவே மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. டை முழுவதும் இறங்கவில்லை. பித்தளையை அதிகம் கசக்கினால் சீக்கிரம் விரிசல் விடும் என்று நிஜாம் தன் துப்பாக்கிக்குப் போதுமான அளவில் நிறுத்தி வைத்திருந்தார். ஒரு துப்பாக்கிக்கு அது சரியான வேலைதான்.

டையைத் துளி திருகி, ஒரு கூட்டை அமுக்கி, பழனியின் துப்பாக்கியில் விட்டோம். இறுகியது. இன்னும் துளி. கொஞ்சம் இளகியது. இன்னும் துளி. ஒரு விரலில் மூடியது.

அப்போது சமையலறைக் கதவுப் பக்கமிருந்து நிஜாமின் குரல் கேட்டது. "லாக் நட்டை இறுக்கு. இல்லன்னா திரும்ப நகந்துரும்." எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று தெரியவில்லை. நான் இறுக்கினேன். திரும்பிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது.

வேலை அதோடு முடியவில்லை. மருந்தும் கேப்பும் இல்லாமல் குண்டு மட்டும் வைத்துச் சில மாதிரிகள் செய்தோம். அவற்றில் இரண்டு மறுபடி இறுகின. எனக்கு எரிச்சல். மறுபடி மார்க்கர். இந்த முறை தோளின் அடி விளிம்பில் தேய்ந்திருந்தது. நகத்தால் தடவினால் ஒரு புடைப்புத் தட்டுப்பட்டது. குண்டு வைக்கும் டை அதிகமாக இறங்கி, எல்லைக்குள்ளேயே சற்று நீளமாக இருந்த கூடுகளின் கழுத்தை அமுக்கியதில் தோள் பிதுங்கியிருந்தது. முதல் கோளாறு மறைத்து வைத்திருந்த இரண்டாவது கோளாறு. அந்த டையைக் கொஞ்சம் உயர்த்தி, கூடுகளை ஒரே நீளத்துக்குச் சீவினோம். அதன்பின் எல்லாம் போயின.

பழனி ஸ்டூலில் உட்கார்ந்தார். கையெல்லாம் மார்க்கர் கறுப்பு.

"அப்ப யார் மேலயும் தப்பில்லைங்களா, அக்கா?"

"தோட்டால யார் மேலயும் தப்பில்ல பழனி. நீங்க அன்னைக்கு அந்த அம்மாகிட்ட சொன்னீங்களே, அதுல இருக்கு."

அவர் துப்பாக்கியைப் பையில் போட்டு ஜிப்பை மூடினார். டை கட்டிய ஒருவர் வந்து போனதைக் கவிதா அவரிடம் சொல்லியிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னேன். கேட்டதும் பழனி சமையலறைக் கதவைத் தட்டி உள்ளே போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. டிவி சத்தம் நின்றது மட்டும் தெரிந்தது.

ஜனவரி

மறு ஞாயிறு பழனி தனியாகப் பண்ணைக்குப் போய்வந்தார். என்ன சொன்னார் என்பதை மிஸஸ் ஹாலிஸ் சொல்லித்தான் பின்னால் அறிந்தேன். நடுவில் குத்திய கூடு ஒன்று, ஓரத்தில் குத்தியது ஒன்று, இரண்டையும் அந்த அம்மாவின் சமையலறை மேசையில் வைத்துப் பழனி எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். கடைசியில், நான் சொன்னது தவறு, அந்த மனிதர் என் நண்பர், அவர் கையால் செய்ததை நான் என் தோளில் வைத்துச் சுடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மிஸஸ் ஹாலிஸ் நிஜாமைத் தொலைபேசியில் அழைத்து, சீசன் முடிவதற்குள் வாருங்கள் என்றார். நிஜாம் நன்றி சொன்னார். போகவில்லை.

நான் போனேன். பழனி சுட்ட மான் எங்களுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் யாராவது பிஸ்மில்லா சொல்லிச் சுடவேண்டும். பரீட்சையில் மார்க் வாங்கியவள் நான்தானே.

நிஜாமின் துப்பாக்கி. நிஜாம் நிரப்பிய தோட்டா, இப்போது தனியாகப் பிரித்துவைத்த அவருடைய வாளிக் கூட்டில். மரப்பெட்டிபோல இருந்த மறைவிடத்தில் நானும் கவிதாவும் பழனியும் முட்டியை ஒட்டி உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் நன்றாக வந்தபின் ஒரு பெண்மான் வேலியோரம் வந்து நின்றது. போல்ட்டை மூடினேன். சத்தமே இல்லை. பிஸ்மில்லா, அல்லாஹு அக்பர் என்று வாய்க்குள் சொல்லிவிட்டு விசையை அழுத்தினேன். மான் இரண்டு அடி ஓடி விழுந்தது. எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. காது மட்டும் வெகுநேரம் இரைந்தது.

மிஸஸ் ஹாலிஸ் பிக்கப்பில் வந்தார். மானைப் பார்த்தார், பிறகு என்னை. பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இதை யார் செய்தது என்று கேட்டார்.

"என் கணவர்" என்றேன்.

நேர்த்தியான வேலை என்றார். உன் கணவர் ஏன் வரவில்லை என்று கேட்டார். அடுத்த வருடம் வருவார் என்றேன்.

நிஜாம் அந்தக் கறியைத் தானே வெட்டி, நிறைய மிளகு போட்டுச் சமைத்தார். பழனி குடும்பமும் வந்து சாப்பிட்டது. அதன்பிறகும் நாங்கள் டெக்சஸில் இருந்தவரை பழனியின் தோட்டாக்களை நிஜாம்தான் நிரப்பிக் கொடுத்தார். ஒன்றுகூட இறுகியதில்லை.

பண்ணைக்கு மட்டும் அவர் மறுபடி போகவே இல்லை. ஒவ்வொரு நவம்பரிலும் பழனி வந்து கூப்பிடுவார். முழங்கால் வலி என்பார் நிஜாம். சனிக்கிழமைகளில் எதிர்த்தெரு மைதானத்தில் அதே முழங்காலோடு அவர் டென்னிஸ் ஆடுவதைப் பழனி தன் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் மறு வருடமும் வந்து கூப்பிடுவார்.